எட்டு மணி நேரமும் எங்க அப்பாவின் தூக்கமும்

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் ஒட்டிய அன்றே நம் வகுப்பில் பாதிப்பேர் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. "தெரிஞ்ச விஷயத்தை எழுதுப்பா" என்றார் ஆசிரியர். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். ஷிப்ட்.

நான் எர்ணாவூரில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா ஆர்பரில் மூட்டை தூக்கியவர், கைநாட்டு. அப்பா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பட்டறையில் காண்டிராக்ட் ஆளாகச் சேர்ந்தார். பெரிய கம்பெனிகளுக்கு பிரஸ்ஸில் பார்ட்ஸ் அடித்துக் கொடுக்கும் இடம். சேர்ந்த நாள் முதல் இன்று வரை காண்டிராக்ட்தான். எங்கள் பக்கத்தில் கம்பெனி பெயரே ஊர் பெயராகிவிடும். விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். 2021-இல் மெட்ரோ ரயில் வந்தபோது ஸ்டேஷனுக்கும் விம்கோ நகர் என்றே பெயர் வைத்தார்கள். எங்கள் ஆயா இன்றும் மணி கேட்க மாட்டார். "ரெண்டாஞ் சங்கு ஊதிச்சாடா?" என்றுதான் கேட்பார்.

அப்பாவுக்கு நைட் ஷிப்ட் நடக்கும் வாரத்தில் எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்காது. அம்மா பானையில்தான் சோறு வடிப்பார். ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. அப்பா காலை ஏழு மணிக்கு வந்து படுப்பார். எட்டு மணிக்குத் தண்ணி லாரி வரும், தெருவே குடத்தோடு ஓடும். ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு டி.வி. பதினோரு மணிக்கெல்லாம் அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். கண் இரண்டும் சிவந்திருக்கும். "தூக்கம் வரல, டீ போடு" என்பார். பத்து வருஷமாக நான் இதைப் பார்க்கிறேன். இது இயற்கை என்றே நினைத்திருந்தேன்.

போன வருஷம் ஒரு நாள் அப்பாவுக்கு செகண்ட் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்குப் போனவர் இரவு பத்து மணிக்கு வரவேண்டும். ரிலீவர் வரவில்லை, கன்டினியூ பண்ணச் சொல்லிவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு வேலை முடித்து மொபெட்டில் வரும்போது கண் சொக்கி, எக்ஸ்பிரஸ் ரோடு ஓரமாக மண்ணில் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பின்னால் வந்த கன்டெய்னர் லாரி தூரத்தில் இருந்தது. முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. எங்கள் பக்கத்து நண்பர்களுக்கு அந்த ரோட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா தன் போனில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். இரவு வேலை செய்தால் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதாம். அம்மா முகம் செத்துப்போனது. என்னிடம் வந்து, "படிச்ச புள்ள நீதானே இருக்கே, நெசமா பொய்யா பாத்துச் சொல்லு" என்றார்.

நண்பர்களே, வீட்டில் முதலில் படிப்பவனுக்கு இது ஒரு சோதனை. டீச்சர் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம். அம்மா கேட்டால் சொல்ல முடியாது. ஆகவே லைப்ரரியிலும் போனிலுமாகக் கொஞ்ச நாள் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன். நம்மில் முக்கால்வாசிப் பேர் ஜூன் மாதம் ஏதோ ஒரு ஷிப்டில் நிற்கப் போகிறோம்.

முதலில் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம்.

தொட்டாச்சிணுங்கி பகலில் இலை விரித்து இரவில் மூடும். வெயில் பட்டால் விரிகிறது என்றுதான் யாரும் நினைப்போம். 1729-இல் டி மைரான் என்ற பிரெஞ்சுக்காரர் அந்தச் செடியை இருட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே இல்லாத இடத்திலும் அது பகல் நேரத்தில் விரிந்து இரவு நேரத்தில் மூடியது. அப்படியானால் நேரம் வெளியே மட்டும் இல்லை, செடிக்கு உள்ளேயும் ஓடுகிறது. மனிதனுக்கும் அப்படித்தான். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. அதுதான் மாஸ்டர் கிளாக். கல்லீரல், குடல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரமும் உண்டு. மாஸ்டரைப் பார்த்து அவை ஓடும். செல்லுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயை வைத்துக் கண்டுபிடித்த ஹால், ரோஸ்பாஷ், யங் ஆகிய மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரு ஜீன் ஒரு புரதத்தைச் செய்கிறது. அந்தப் புரதம் சேர்ந்துகொண்டே போய்க் கடைசியில் தன்னைச் செய்த ஜீனையே நிறுத்துகிறது. புரதம் கரைந்ததும் ஜீன் மறுபடி வேலை செய்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நாள். நம் பாடத்தில் வரும் ஃபீட்பேக் கன்ட்ரோல்தான், வேறொன்றுமில்லை.

இதிலே நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் என்ற பேராசிரியர் உடல் கடிகார ஆராய்ச்சிக்கே ஒரு பரம்பரையை உருவாக்கியவர். ஜன்னலும் கடிகாரமும் இல்லாத ஒரு தனி இருப்பிடம் அங்கே இருந்தது. தாமாக முன்வந்தவர்களை அதில் நாள்கணக்கில் தங்கவைத்து எப்போது தூங்குகிறார்கள், எப்போது எழுகிறார்கள் என்று குறித்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது வௌவால் ஆராய்ச்சி. அவரும் மாரிமுத்து, ராஜன் என்ற உடன் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து செய்தது, 1981-இல் வெளிவந்தது. வெளிச்சம் எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். குகையில் மற்ற வௌவால்கள் வசித்து, சாயங்காலம் இரை தேடப் பறந்துபோய் விடியலில் திரும்பும்போது, சூரியனையே பார்க்காத கூண்டு வௌவாலும் அவற்றோடு சேர்ந்து சரியாக 24 மணி நேரக் கணக்கில் இயங்கியது. வேறு வௌவால் இல்லாத குகையில் வைத்தபோது அதன் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போனது. அஃதாவது சூரியன் மட்டுமல்ல, சொந்தக்காரர்களும் ஒரு கடிகாரம்தான்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்தது. தெருவே விழித்திருக்கும்போது அப்பா மட்டும் தூங்க முயற்சி செய்கிறார். (வௌவாலுக்கு உள்ளது அப்படியே மனிதனுக்கும் பொருந்தும் என்று அந்தப் பேராசிரியர் சொன்னதாக எண்ணிவிட வேண்டாம். இது என் சொந்த நினைப்பு.)

இரவில் மெலடோனின் என்ற ஒரு சுரப்பு ஊறி உடம்புக்கு இருட்டு வந்ததைச் சொல்கிறது. விடியற்காலை நாலு மணி வாக்கில் உடம்புச் சூடு மிகவும் குறைந்திருக்கும். தப்பும் அப்போதுதான் அதிகம் நடக்கும். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் அந்த நேரத்தை "பேய் நேரம்" என்று சொல்லுவது சும்மா இல்லை. காலையில் வெயிலைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருவதால் மாஸ்டர் கிளாக் 'பகல் ஆகிவிட்டது' என்று மறுபடி செட் ஆகிவிடும். வருஷக்கணக்கில் நைட் பார்த்தாலும் பெரும்பாலோருக்கு உடம்பு முழுசாகப் பழகுவதில்லை, காரணம் இதுதான். எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ஓடிக்கொண்டிருக்கும் பஸ்பாரோடு ஒரு ஆல்டர்னேட்டரைச் சேர்க்கும்போது ஃபேஸ் பார்க்காமல் பிரேக்கரை மூடினால் ஷாஃப்டுக்கு என்ன அடி விழும்? அந்த அடி என் அப்பாவுக்கு வாரா வாரம் விழுகிறது. வயிற்றுப் புளிப்பும், சாப்பிட்டது செரிக்காததும், சர்க்கரை, இரத்தக்கொதிப்பு வாய்ப்பு கூடுவதும் ஷிப்ட் ஆட்களிடம் அதிகம் காணப்படுவதாகப் பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

படுத்துக்கொண்டு முகத்துக்கு நேரே போனைப் பிடித்திருப்பதும் அந்த மெலடோனினைத்தான் தடுக்கிறது. நீல வெளிச்சத்துக்குத்தான் கண்ணில் உள்ள அந்தத் தனிச் செல்கள் அதிகம் அசையும். ஹாஸ்டல் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஷிப்ட் இல்லாமலேயே நாம் ஷிப்ட் பார்க்கிறோம், சம்பளமும் கிடையாது.

நிற்க. அம்மாவின் கேள்விக்கு வருகிறேன்.

செய்தி பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் இருக்கிறது. உடல் கடிகாரத்தைக் கலைக்கும் ஷிப்ட் வேலையை 2007-இல் அது '2ஏ' பிரிவில் சேர்த்தது. 2019-இல் மறுபடி கூடி ஆராய்ந்து, நைட் ஷிப்ட் வேலை என்று பெயரைத் திருத்தி அதே பிரிவில் வைத்தது. 2ஏ என்றால் 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு உண்டு என்று நம்பக் காரணம் இருக்கிறது, ஆனால் தீர்மானமாகச் சொல்ல இன்னும் போதிய ஆதாரம் இல்லை' என்று பொருள். ஒன்றாம் பிரிவு என்றால் தீர்மானமான ஆதாரம் உண்டு.

பெரும்பாலான செய்திகள் கோட்டை விடும் இடம் இதுதான். அந்தப் பிரிவுகள் ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைச் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரிசு என்பதைச் சொல்லவில்லை. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதைக் குடித்தாலும் அதுவும் 2ஏ-தான், 2016-இல் சேர்த்தார்கள். அப்படிப் பார்த்தால் நைட் ஷிப்டும் நைட் ஷிப்டில் ஊதி ஊதிக் குடிக்கும் டீயும் ஒரே பெட்டியில் இருக்கின்றன! அதற்காக இரண்டும் ஒரே அளவு கெடுதல் என்று ஆகாது. டீசல் புகையை 2012-இல் ஒன்றாம் பிரிவில் சேர்த்தார்கள். சிகரெட்டும் அதே பிரிவுதான். டீசல் புகையும் சிகரெட்டும் சமம் என்றும் இதற்கு அர்த்தமில்லை. ஆனாலும் எங்கள் வாசலில் மணிக்கணக்கில் என்ஜின் ஓட நிற்கும் லாரி வரிசையைப் பற்றி யார் போனிலும் செய்தி வரவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

இன்னொரு கணக்கு. 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணிக்கு மேல் செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் வாய்ப்பு 17 சதவீதம் அதிகம். இதைப் பார்த்ததும் நூறு பேரில் 35 பேருக்கு வாதம் வரும் என்று ஒரு நண்பன் பயந்துவிட்டான். அப்படி அல்ல. ஒரு பேச்சுக்கு, 1000 பேரில் 20 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால் அது 27 பேர் ஆகும், அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு இது சின்ன மாற்றம். ஆனால் லட்சக்கணக்கான ஆட்கள் என்று கணக்குப் போட்டால் சின்னது இல்லை. 2016-ஆம் ஆண்டு மட்டும் உலகம் முழுக்க 7,45,000 சாவுகளை நீண்ட வேலை நேரத்தோடு சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் இத்தனையும் சொல்லவில்லை. "கேன்சர் வந்துடும்னு இல்லம்மா. அப்பாவுக்கு மொதல்ல ஆபத்து ரோட்டுலதான்" என்றேன். அதற்கும் கணக்கு இருக்கிறது. 1997-இல் ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை-கண் சுறுசுறுப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது. நம் நாட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் பிடிக்கும் அளவு 0.03 சதவீதம். அப்பா அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு எழுந்தவர். காலை ஆறரைக்கு மொபெட் ஓட்டும்போது பதினெட்டரை மணி நேரம் ஆகியிருந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷன்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. செர்னோபில் அணு உலை 1986-இல் வெடித்தது நள்ளிரவு ஒன்றரை மணி வாக்கில். போபால் விஷவாயு 1984-இல் கசிந்ததும் நள்ளிரவு. 2023 டிசம்பர் 26 அன்று எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நள்ளிரவு நெருங்கும்போது. இவற்றை வரிசையாக அடுக்கி, எல்லாவற்றுக்கும் தூக்கமே காரணம் என்று எழுதினால் கட்டுரை விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அது சரியில்லை. ஒவ்வொன்றுக்கும் வால்வு, குழாய், பராமரிப்பு, நிர்வாகம் என்று தனித்தனிக் காரணம் உண்டு. எண்ணூர் விஷயத்தில் தூக்கத்தின் பேச்சே இல்லை. பிடித்த முடிவுக்கு ஏற்றாற்போல் உதாரணம் பொறுக்குவதைத்தான் பல அறிவியல் செய்திகள் செய்கின்றன. நாமும் அதைச் செய்யக் கூடாது என்பதற்காக எழுதினேன்.

அடுத்தது, எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? ஏன் பன்னிரண்டு இல்லை?

முன்பு பன்னிரண்டாகத்தான் இருந்தது. 1911-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் வயது வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று எல்லை வைத்தது. அதற்கு முன் ஆண்களுக்கு எல்லையே இல்லை. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது போன்ற குறைகளைச் சொல்லப்போய்த்தான் 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்றார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, சோறு தின்ன நேரம் கேட்டார்கள். 1923 மே முதல் தேதி சிங்காரவேலர் சென்னையில் இரண்டு இடத்தில் மே தினக் கூட்டம் நடத்தினார். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. மற்றொன்று ஹைகோர்ட்டுக்கு எதிர்க் கடற்கரை, நம் இராயபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இந்தியாவிலேயே முதல் மே தினம் அது. அவர் மீனவ சமூகத்தில் பிறந்தவர் என்பதை எங்கள் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள்.

1922-இல் நாளுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 என்று குறைந்தது. 1934-இல் நாளுக்கு 10, வாரத்துக்கு 54. டாக்டர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தபோது 1946-இல் வந்த திருத்தம் வாரத்துக்கு 48 என்று ஆக்கியது. ஆறு நாளால் வகுத்தால் எட்டு. சுதந்திரத்துக்குப் பிறகு 1948 சட்டமும் 48-ஐ அப்படியே எடுத்துக்கொண்டது, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்றது. பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு வர 35 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, பாருங்கள்.

இந்த எண் மறுபடி அசைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். 2023-இல் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் இருக்கிறேன். ஏப்ரல் 21-ஆம் தேதி நம் சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. 12 மணி நேர வேலைக்கு அது வழி திறந்தது. வாரம் 48 மணி நேரம் மாறாது, நாலு நாள் வேலை செய்து மூணு நாள் லீவு எடுக்கலாம், விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று அரசு விளக்கம் சொன்னது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்தன. மூன்று நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதலமைச்சரே வாபஸ் என்று அறிவித்தார்.

எங்கள் வீட்டில் அன்று நடந்த பேச்சை மறைக்காமல் எழுதுகிறேன். டீக்கடையில் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்த மசோதாவை அப்பா திட்டவில்லை. "இப்பவே பன்னெண்டுதான் பாக்குறேன். மூணு நாள் லீவு குடுத்தா நல்லதுதானே" என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இன்றைக்குச் சொல்வேன். அந்த நாலாவது நாள் ரிலீவர் வராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பேன். ஆனால் அப்பா ஓ.டி. பார்த்த காசில்தான் நான் டிப்ளமா சேர்ந்தேன். அந்த ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம் இல்லை, ஒற்றைதான். அதையும் வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. எட்டு மணி நேரச் சம்பளத்தில் ஒரு குடும்பம் சாப்பிட முடியாவிட்டால், எட்டு என்பது சட்டப் புத்தகத்தில்தான் இருக்கும். சினிமாவில் வருகிற மாதிரி ஒரு வசனம் பேசி இதை முடித்துவிட முடியாது.

1948 சட்டம் இப்போது தனியாக இல்லை. பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. அது 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. புதுச் சட்டத்திலும் நாளுக்கு எட்டு மணி நேரம் என்று இருக்கிறது. கூடுதல் வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும், இரட்டைச் சம்பளம் வேண்டும் என்றும் இருக்கிறது. ஆனால் இடைவேளையெல்லாம் சேர்த்து ஒரு ஆள் மொத்தம் எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கலாம் என்பதை அரசாங்கம் அறிவிப்பில் சொல்லிக்கொள்ளலாம். ஆகவே வேலைக்குச் சேரும் நண்பர்கள் எட்டைப் பார்த்ததும் திருப்தி அடையாமல் அந்த அறிவிப்பையும் கேட்டுப் படிக்க வேண்டும். மாணவிகளுக்கு ஒரு விஷயம். தொழிற்சாலையில் பெண்கள் இரவு வேலை செய்யக் கூடாது என்ற பழைய விதியை 2000-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து, போக்குவரத்து, பாதுகாப்பு போன்ற நிபந்தனைகளோடு அனுமதித்தது. வேன் வசதி என்பது கம்பெனி செய்யும் தயவு இல்லை.

வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-இல் சொன்னார். 90 மணி நேரம் என்று எல் அண்டு டி தலைவர் சுப்ரமணியன் சொன்னது 2025 ஜனவரியில் பெரிய பேச்சானது. என் கருத்து, அவர்கள் மேஜையில் உட்கார்ந்து செய்யும் வேலையை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார்கள். பிரஸ் மெஷின் முன்னால் தொண்ணூறாவது மணி நேரத்தில் விரல் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று நம் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டரைக் கேட்டால் தெரியும்.

இந்த வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம். டிராயிங்கில் இரண்டு கேள்வி, டாலரன்ஸில் ஒரு கேள்வி. பிறகு, "ட்வெல் அவர்ஸ் ஷிப்ட் ஓ.கே.வா தம்பி?" என்றார் அவர். இத்தனையும் படித்த நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? "ஓ.கே. சார்" என்றேன். லிஸ்டில் என் பெயரும் வந்தது. வீட்டில் அம்மா பால் பாயசம் வைத்தார். நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சேரும் நாளில் ஓ.டி. ரேட் எவ்வளவு, ஷிப்ட் எந்தப் பக்கம் சுற்றும் என்று இரண்டு கேள்வியாவது கேட்பதாக இருக்கிறேன்.

எந்தப் பக்கம் சுற்றும் என்பது விளையாட்டான கேள்வி இல்லை. மனித உடல் கடிகாரத்தைச் சரியாக அளந்தவர்கள் 1999-இல் சொன்ன கணக்கு சராசரி 24 மணி 11 நிமிஷம். அஃதாவது அது கொஞ்சம் மெதுவாக ஓடும் கடிகாரம். ஆகவே தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவது பெரும்பாலோருக்குச் சுலபம், முன்னுக்குக் கொண்டுவருவது கஷ்டம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உப்பு ஏரித் தண்ணீரிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் ஆலை ஒன்றில் (நம் அத்திப்பட்டு உப்பளம் கண்ணில் வருகிறதா?) வாராவாரம் ஷிப்டைப் பின்னோக்கிச் சுற்றினார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதை முன்னோக்கி, ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று திருப்பினார்கள். ஒரு வாரத்துக்குப் பதில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றவும் செய்தார்கள். தொழிலாளர் உடல்நிலையும் திருப்தியும் கூடியதோடு உற்பத்தியும் கூடியது என்று 1982-இல் எழுதினார்கள். ஒரு பைசா செலவு இல்லை. சுவரில் ஒட்டியிருக்கும் பேப்பரை மாற்றி எழுத வேண்டும், அவ்வளவே.

அப்பாவின் பட்டறையில் நைட், செகண்ட், ஃபர்ஸ்ட் என்று சுற்றுகிறது. பின்னோக்கி. ஏன் என்று யாருக்கும் தெரியாது. "ஆரம்பத்துலேந்து அப்டித்தான்" என்றார் அப்பா.

வீட்டில் சில மாற்றம் செய்தோம். ஜன்னலுக்கு அம்மாவின் பழைய கறுப்புப் புடவையை இரண்டாக மடித்துக் கட்டினோம். அப்பா காலையில் வரும்போது கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்கிறார் (தெருப் பசங்கள் கிண்டல் செய்கிறார்கள், ஆயாவும்தான்). வண்டி ஓட்டிக்கொண்டு கறுப்புக் கண்ணாடியும் போட்டால் தூக்கம் இன்னும் சொக்குமே என்று பயந்து, நைட் வாரத்தில் மொபெட்டை எடுக்காமல் பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டோம். இப்போது பன்னிரண்டரை, ஒரு மணி வரை தூங்குகிறார். தண்ணி லாரிக்கு மட்டும் வழி கண்டுபிடிக்க முடியவில்லை.

ஷிப்டை முன்னோக்கிச் சுற்றினால் எப்படி வரும் என்று டிராயிங் ஷீட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஆறு பேர் பெயர் எழுதி, நாலு வாரத்துக்கு ஒரு அட்டவணை போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். சூப்பர்வைசரிடம் காட்டுங்கள் என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாத்தான் போட்டுருக்கே. காண்டிராக்ட் ஆளு போயி எப்டிடா கேக்குறது?" என்றார். பிறகு நாலாக மடித்து டிபன் பையின் சைடு ஜிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

இன்னும் காட்டவில்லை. ஆனால் எடுத்தும் போடவில்லை, நேற்று டிபன் பாக்ஸ் கழுவ எடுத்தபோது பார்த்தேன். இந்த வாரம் அவருக்கு செகண்ட் ஷிப்ட்.